தசையும் கொழுப்பும்: எடை ஒன்று, இடம் வேறு

கொழுப்பைவிடத் தசை கனமானது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. தராசில் வைத்தால் ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் ஒரே எடையைத்தான் காட்டும். அவை அடைத்துக்கொள்ளும் இடம்தான் வேறுபடுகிறது. ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. மனிதத் தசையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.06 கிராம், கொழுப்புத் திசுவின் அடர்த்தி சுமார் 0.92 கிராம். ஒரே அளவு இடத்தில் கொழுப்பைக் காட்டிலும் தசை ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் நிறையைக் கொண்டிருக்கிறது என்பதே அந்தப் பேச்சின் சரியான பொருள்.

இந்த 15 சதவீதம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தசையின் கன அளவு சுமார் 943 மில்லிலிட்டர். ஒரு கிலோ கொழுப்புத் திசுவின் கன அளவு சுமார் 1,087 மில்லிலிட்டர். இடைவெளி 144 மில்லிலிட்டர். ஐந்து கிலோ எடுத்துக்கொண்டால் தசை 4.7 லிட்டர், கொழுப்பு 5.4 லிட்டர். உடல் இளைப்பதற்கான விளம்பரங்களில் ஒரே எடையுள்ள தசைக்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாகக் கொழுப்புக்கட்டியைக் காட்டுவது வழக்கம். அந்தப் படங்கள் மிகைப்படுத்தியவை. வேறுபாடு உண்மையானது, அளந்து காட்டக்கூடியது, ஆனால் சிறியது.

அடர்த்தி ஏன் வேறுபடுகிறது?

தசையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தண்ணீர். ஐந்தில் ஒரு பங்கு புரதம். எஞ்சியது தாது உப்புகள், கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை, சிறிதளவு கொழுப்பு. உடல் வெப்பநிலையில் தண்ணீரின் அடர்த்தி 0.993, புரதத்தின் அடர்த்தி சுமார் 1.34. தசை இழை ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் இணை இணையாக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீரைவிட அடர்ந்த இந்தப் புரதங்களும் உப்புகளும் சேர்ந்துதான் தசையின் அடர்த்தியைத் தண்ணீருக்குச் சற்று மேலே, 1.06-க்கு உயர்த்துகின்றன.

கொழுப்புச் செல்லின் அமைப்பு வேறு. அதன் உள்ளிடம் முழுவதையும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி நிறைத்திருக்கிறது. செல்லின் உட்கருவும் மற்ற உறுப்புகளும் ஓரத்தில் மெல்லிய விளிம்பாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் துளி டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பால் ஆனது. டிரைகிளிசரைடு மூலக்கூறு கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளமான சங்கிலிகளைக் கொண்டது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து நெருங்கி நிற்கின்றன. கொழுப்புச் சங்கிலிகளுக்கிடையே அத்தகைய வலுவான ஈர்ப்பு இல்லை. அதோடு, தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அளவுக்குக் கனமான அணுக்களும் கொழுப்பில் குறைவு. அதனால் தூய கொழுப்பின் அடர்த்தி உடல் வெப்பநிலையில் 0.90 என்ற அளவில் நின்றுவிடுகிறது. கொழுப்புத் திசுவில் இந்த எண்ணெயுடன் கொஞ்சம் தண்ணீரும் நார்ப்புரதமும் இரத்தக் குழாய்களும் இருப்பதால் அதன் அடர்த்தி 0.92 வரை ஏறுகிறது.

சமையலறையில் இதை நேரடியாகப் பார்க்கலாம். ஆட்டிறைச்சியிலிருந்து கொழுப்பு ஒட்டாத சிவந்த சதைத்துண்டு ஒன்றையும், வெள்ளைக் கொழுப்புத் துண்டு ஒன்றையும் வெட்டியெடுத்து ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டால், சதை நேராக அடியில் போய்ப் படியும்; கொழுப்பு மேலே மிதக்கும். கொழுப்பைத் தண்ணீருக்குள் அழுத்தி விட்டாலும் திரும்ப மேலே வந்துவிடும். தண்ணீரின் அடர்த்தியான ஒன்று என்ற எண், தசைக்கும் கொழுப்புக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் அமைந்திருக்கிறது. மனித உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை அறுத்துப் பார்க்காமலே அளக்கும் முறை இந்த உண்மையிலிருந்தே பிறந்தது.

1.06, 0.92 என்பவை சராசரிகள். தசை இழைகளுக்கிடையே கொழுப்பு ஊடுருவியிருந்தால் அந்தத் தசையின் அடர்த்தி குறையும். வயது ஏறும்போதும், நெடுநாள் உடலுழைப்பின்றி இருக்கும்போதும் இப்படி நடக்கிறது. சி.டி. ஸ்கேனில் அத்தகைய தசை வழக்கத்தைவிடக் கருமையாகத் தெரியும்.

நீருக்கடியில் எடை பார்த்தல்

நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான எடையை இழக்கிறது என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். உடலைக் காற்றில் ஒருமுறையும் நீரில் முழுவதும் மூழ்கிய நிலையில் ஒருமுறையும் எடை பார்த்தால், இரண்டுக்குமான வேறுபாட்டிலிருந்து உடலின் கன அளவு தெரிந்துவிடும். எடையைக் கன அளவால் வகுத்தால் உடலின் அடர்த்தி கிடைக்கும்.

இந்த முறையை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி. ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு ஏற்படும் அழுத்த நோயை அவர் ஆராய்ந்து வந்தார். அந்த நோய்க்குக் காரணமான நைட்ரஜன், தண்ணீரில் கரைவதைப் போல் சுமார் ஐந்து மடங்கு கொழுப்பில் கரையும். அதனால் ஒரு வீரரின் உடலில் கொழுப்பு எவ்வளவு என்பது அவருக்கு உயிர் காக்கும் தகவலாக இருந்தது. 1942-இல் பென்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகளில், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட 25 வீரர்களின் அளவுகளும் இருந்தன. அன்றைய உயர எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் அதிக எடையால் படையில் சேரத் தகுதியற்றவர்கள். நீரில் மூழ்கடித்து அடர்த்தியை அளந்தபோது, அந்தப் பதினேழு பேரில் பலருக்கும் உடற்கொழுப்பு குறைவு என்பது தெரிந்தது. அவர்களுடைய கூடுதல் எடை தசையிலிருந்து வந்தது. எடை அதிகம் என்பதும் கொழுப்பு அதிகம் என்பதும் இருவேறு செய்திகள் என்று எண்களால் நிறுவிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று.

அடர்த்தியிலிருந்து கொழுப்பின் சதவீதத்தைக் கண்டறியும் சூத்திரத்தை 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சிரி வகுத்தார். உடல் இரண்டே பகுதிகளால் ஆனது என்று அவர் வைத்துக்கொண்டார். ஒன்று, 0.90 அடர்த்தியுள்ள கொழுப்பு. மற்றொன்று, 1.10 அடர்த்தியுள்ள கொழுப்பற்ற பகுதி. இரண்டாவதில் தசை மட்டுமின்றி, அதைவிட மிக அடர்ந்த எலும்பும் அடங்குவதால் அதன் அடர்த்தி 1.06-க்கு மேல் போகிறது. 495-ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து, கிடைப்பதிலிருந்து 450-ஐக் கழித்தால் கொழுப்பின் சதவீதம் வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. காற்றில் 70 கிலோ எடையுள்ள ஒருவர், 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தொட்டியில் மூச்சை முழுவதும் வெளியேற்றிவிட்டு மூழ்கும்போது 3 கிலோ எடை காட்டுகிறார் என்க. எடையில் ஏற்பட்ட இழப்பு 67 கிலோ. அந்த வெப்பநிலையில் தண்ணீரின் அடர்த்தி 0.9957, ஆகவே அவர் விலக்கிய நீரின் கன அளவு 67.29 லிட்டர். எவ்வளவு ஊதித் தள்ளினாலும் நுரையீரலில் சுமார் 1.2 லிட்டர் காற்று தங்கிவிடும். குடலில் ஏறத்தாழ 0.1 லிட்டர் வாயு இருக்கும். இவற்றைக் கழித்தால் உடலின் கன அளவு 65.99 லிட்டர், அடர்த்தி 1.061. சிரியின் சூத்திரப்படி கொழுப்பு 16.6 சதவீதம். நுரையீரலில் தங்கிய காற்றை 0.1 லிட்டர் தவறாகக் கணித்திருந்தால்கூட விடை 0.7 சதவீதப் புள்ளி மாறிவிடும். இந்த முறைக்கு அவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

சூத்திரத்துக்கு எல்லைகளும் உண்டு. கொழுப்பற்ற பகுதியின் அடர்த்தி 1.10 என்ற எண் மிகச் சில சடலங்களின் பகுப்பாய்விலிருந்து பெறப்பட்டது. குழந்தைகளின் உடலில் தண்ணீர் அதிகம், எலும்பில் தாது குறைவு. ஆகவே அவர்களுக்கு அந்த எண் குறையும். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கும் குறையும். எலும்பு உறுதியான சில விளையாட்டு வீரர்களுக்குக் கூடும். அவர்களுக்கெல்லாம் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் விடை பிசகும்.

இன்று தொட்டியில் மூழ்காமலே அளக்க வழிகள் உள்ளன. மூடிய அறையில் உட்கார வைத்து, உடல் விலக்கும் காற்றிலிருந்து கன அளவைக் கணிப்பது ஒன்று. இரு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் டெக்சா ஸ்கேன் மற்றொன்று; எலும்புத் தேய்மானத்தைக் கண்டறிய மருத்துவமனைகளில் உள்ள அதே கருவிதான் இது. வீட்டில் வாங்கி வைக்கும் சில எடைக் கருவிகள் பாதத்தின் வழியே மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகின்றன. தண்ணீரும் உப்பும் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும் என்பதே அதன் அடிப்படை. இந்தக் கருவிகள் உண்மையில் அளப்பது உடலின் நீரை. தண்ணீர் குடித்த பிறகும், வியர்த்த பிறகும், உணவு உண்ட பிறகும் அவை வெவ்வேறு எண்களைக் காட்டுவதற்கு அதுவே காரணம்.

எடை அசையாமல் இடுப்பு குறைவது எப்படி?

உடற்பயிற்சி தொடங்கிய சிலருக்கு எடை அப்படியே இருக்க, உடைகள் தளர்ந்துவிடுகின்றன. கொழுப்பு போய் அதே எடைக்குத் தசை வந்திருக்கிறது, தசை அடர்ந்தது என்பதால் உடல் சுருங்கிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. விளக்கத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கணக்கு தாங்காது. இரண்டு கிலோ கொழுப்புத் திசு குறைந்து, இரண்டு கிலோ தசை கூடினால், உடலின் மொத்தக் கன அளவில் ஏற்படும் குறைவு 0.29 லிட்டர்தான். 66 லிட்டர் உடலில் இது அரை சதவீதத்துக்கும் குறைவு. இதனால் மட்டும் பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போகாது.

முதன்மைக் காரணம் இடமாற்றம். கொழுப்பு வயிற்றிலும் இடுப்பிலும் அதிகமாகச் சேர்கிறது, அங்கிருந்து குறைகிறது. புதிய தசை தொடை, முதுகு, தோள், நெஞ்சு ஆகிய இடங்களில் பரவலாக வளர்கிறது. வயிற்றுப் பகுதியிலிருந்து ஒன்றரை லிட்டர் கொழுப்பு நீங்கினால் இடுப்பளவு தெளிவாகக் குறையும். அதே அளவு தசை உடலெங்கும் பிரிந்து சேரும்போது கண்ணுக்கு எளிதில் தெரியாது. அடர்த்தி இதில் துணைக் காரணம் மட்டுமே.

எடையின் நாள்தோறும் ஏற்ற இறக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைக்கிறது. தசைகளில் 300 முதல் 500 கிராமும் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கக்கூடும். சோற்றையும் சர்க்கரையையும் திடீரென நிறுத்தும்போது இந்தச் சேமிப்பு கரைந்து, அத்துடன் தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ சட்டெனக் குறைவது பெரும்பாலும் இதனால்தான். மீண்டும் சோறு சாப்பிட்டதும் அந்த எடை திரும்பி வரும். அதைக் கொழுப்பு என்று எண்ணிக் கவலைப்படவும் வேண்டாம், குறைந்தபோது மகிழவும் வேண்டாம்.

ஆற்றலும் செலவும்

தசைக்கும் கொழுப்புக்கும் அடர்த்தியில் உள்ளதைவிடப் பெரிய வேறுபாடு அவை தாங்கும் ஆற்றலில் இருக்கிறது. ஒரு கிராம் தூய கொழுப்பில் சுமார் 9 கிலோகலோரி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. முக்கால் பங்கு தண்ணீரான ஒரு கிலோ தசையில் அதில் ஒரு சிறு பங்குதான். குறைந்த எடையில் நிறைய ஆற்றலைச் சேமிக்கக் கொழுப்பே சிறந்த பொருள். உடல் அதைத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

செலவில் நிலைமை தலைகீழ். ஓய்வில் இருக்கும்போது ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் சுமார் 13 கிலோகலோரி செலவழிக்கிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசு சுமார் 4.5 கிலோகலோரி. மூன்று மடங்கு வேறுபாடு என்றாலும் எண்கள் சிறியவை. ஐந்து கிலோ தசை கூடினால் ஓய்வுநிலைச் செலவு நாளுக்கு 65 கிலோகலோரி உயரும். தசை வளர்த்துவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் எரிந்துபோகும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் இல்லை. தசையின் பெரும் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. உணவுக்குப் பின் இன்சுலின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சும் பணியின் பெரும்பகுதியைச் செய்வது எலும்புத் தசைகளே. தசை குறைந்த உடலில் அந்தச் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது.

பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறிவிடும் என்பதும் தவறு. தசை இழையும் கொழுப்புச் செல்லும் வெவ்வேறு வகைச் செல்கள். ஒன்று மற்றொன்றாக உருமாறுவதில்லை. பயிற்சி நின்றதும் தசை இழைகள் மெலிகின்றன. உணவு பழைய அளவிலேயே தொடர்ந்தால் கொழுப்புச் செல்கள் பருக்கின்றன. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வதால் ஒன்று மற்றொன்றானதுபோல் தோன்றுகிறது.

கொழுப்பு முழுவதும் தீயதும் அல்ல. நரம்புகளின் உறையிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் அது தேவைப்படுகிறது. உயிர் வாழ இன்றியமையாத கொழுப்பு ஆண்களுக்கு உடல் எடையில் சுமார் 3 சதவீதம், பெண்களுக்குச் சுமார் 12 சதவீதம் என்று பென்கி மதிப்பிட்டார். பெண்களுக்கு இயல்பாகவே கொழுப்பின் பங்கு அதிகம், தசையின் பங்கு குறைவு. உடல் எடையில் தசை ஆண்களுக்குச் சராசரியாக 38 சதவீதமும் பெண்களுக்கு 31 சதவீதமும் இருக்கிறது. சராசரியாகப் பெண்கள் தண்ணீரில் ஆண்களைவிட எளிதாக மிதப்பதும் இதனால்தான்.

ஒல்லியான உடலில் ஒளிந்திருக்கும் கொழுப்பு

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு. பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த இந்த விகிதத்துக்கு 1972-இல் ஆன்சல் கீஸ் இன்றைய பெயரைக் கொடுத்தார். மக்கள்தொகையை ஒட்டுமொத்தமாக மதிப்பிட இது பயன்படும். தனி ஒருவரின் எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்பதை இந்த எண் சொல்லாது. 70 கிலோ எடையும் ஒரே உயரமும் கொண்ட இருவரில் ஒருவருக்குக் கொழுப்பு 15 சதவீதம், மற்றவருக்கு 30 சதவீதம் என்றால் பி.எம்.ஐ. ஒன்றுதான். முதலாமவர் உடலில் இருப்பது பத்தரை கிலோ கொழுப்பு. இரண்டாமவர் உடலில் 21 கிலோ.

தெற்காசியர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2004-இல் தி லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். அருகருகே நிற்கும் இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. டெக்சா ஸ்கேனில் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 சதவீதம். இந்தியர்களுக்கு ஒரே எடையில் தசை குறைந்தும் கொழுப்பு, அதிலும் வயிற்றுக் கொழுப்பு, கூடியும் இருக்கும் போக்கு உண்டு. பிறக்கும்போதே இந்தப் போக்கு தொடங்குவதைப் புனேயில் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வுகள் காட்டின. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளிலும் தசையே அதிகம் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்பு ஓரளவு காக்கப்பட்டிருந்தது. ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை நோய் வருவதை விளக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

இதனால்தான் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசிய மக்களுக்கு 23 என்ற பி.எம்.ஐ. அளவிலிருந்தே எச்சரிக்கை தேவை என்று பரிந்துரைத்தது. இந்தியர்களுக்கென 2009-இல் வெளியான வல்லுநர் ஒருமித்த பரிந்துரை, 25-ஐ எட்டினாலே உடற்பருமன் என்றது. அதோடு இடுப்புச் சுற்றளவு வரம்பையும் சேர்த்தது: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

வயதும் இதே விதமாக ஏமாற்றும். முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் 3 முதல் 8 சதவீதம் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இழப்பு வேகமெடுக்கிறது. குறைந்த தசையின் இடத்தைக் கொழுப்பின் எடை ஈடுகட்டினால், இருபது ஆண்டுகளாக எடை மாறவில்லை என்று ஒருவர் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உடலின் உள்ளடக்கம் மாறியிருக்கும். எடையைத் தூக்கிச் செய்யும் பயிற்சிகளும் போதிய புரதமும் இந்த இழப்பை எந்த வயதிலும் மட்டுப்படுத்தும் என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று.

தசைக்கும் கொழுப்புக்கும் இடையிலான 15 சதவீத அடர்த்தி வேறுபாடு, உடலின் உள்ளடக்கத்தை அளக்க அறிவியலுக்கு ஒரு கருவியைக் கொடுத்தது. அன்றாட வாழ்வில் அதைவிட முக்கியமானவை கொழுப்பு எவ்வளவு, அது எங்கே தங்கியிருக்கிறது, தசை எவ்வளவு வலுவுடன் இருக்கிறது என்ற மூன்று கேள்விகள். எடை எந்திரம் இவற்றில் ஒன்றுக்கும் விடை சொல்லாது. எடையைக் குறித்துக்கொள்ளும் அதே நாளில், தொப்புள் மட்டத்துக்கு அருகே, விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, ஓர் அளவு நாடாவைச் சுற்றி இடுப்பளவையும் குறித்துக்கொள்வது எல்லோராலும் செய்யக்கூடியது, செய்ய வேண்டியதும்கூட.